பீமனுக்கு ஏழு வயது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. மூன்று வாரங்களுக்கு முன் நீ அனுப்பிய படத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். உன் கிரேட் டேன் நாய் பீமன் உன் காலடியில் படுத்திருக்கிறான். முகவாய் முழுவதும் நரைத்துவிட்டது. "முன்போல ஓடுவதில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று கீழே எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கலாம். ஆனால் "அவ்வளவுதான்" என்ற அந்தச் சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

7 வயது என்பது பீமனுக்குச் சிறிய வயது இல்லை என்பதை அறிவேன். சித்தி வீட்டுக் குட்டையான பொமரேனியன் நாய் 14 வயதிலும் வாசலில் யார் வந்தாலும் வீட்டையே இரண்டாக்குகிறது. பீமனைப் போன்ற பேருருவக் கிரேட் டேன்களோ பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தாம் வாழ்கின்றன. எலியைவிட யானை நெடுநாள் வாழ்கிறது. ஆனால் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 74 நாய் இனங்களின் இறப்பு விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடல் எடையில் ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மாதம் குறைவதாகக் கண்டது; பெரிய நாய்கள் சீக்கிரம் இறப்பதற்கு முதன்மையான காரணம் அவை வேகமாக மூப்படைவதே என்றும் சொன்னது. பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் ஒரு கிரேட் டேன் குட்டி, ஓராண்டுக்குள் ஏறத்தாழ நூறு மடங்கு வளர்ந்துவிடுகிறது. அந்த முதல் ஆண்டில் கழுத்துப்பட்டை மாற்றி மாற்றி உனக்கு அலுத்துப்போனது நினைவிருக்கும். அத்தனை விரைவாக வளர்ந்த உடம்பு விரைவாகவே தேய்வதில் வியப்பில்லை.

நீ அவனை நன்றாகத்தான் வளர்த்தாய். எலும்பு முற்றும்வரை படியேற விடாமல் காத்தாய். குட்டிக்குத் தனியாகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்கலாமே என்று நான் சொன்னபோது, பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிகுந்தால் எலும்பு கோணலாகும் என்று எனக்கே பாடம் சொன்னாய். எடையையும் ஏறவிடவில்லை. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன என்று படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இவ்வளவு கவனமாக இருந்த பிள்ளை, இப்போது "வயதாகிவிட்டது" என்று கைவிட்டு எழுதுகிறானே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வயது நோய் அன்று, கண்ணா. ஓடாமல் படுத்திருக்கும் கிரேட் டேனுக்கு இதயத் தசை தளர்ந்து அறைகள் விரிந்திருக்கலாம். அந்த இனத்தில் அது அரிதன்று, தொடக்கத்தில் அது வெறும் களைப்பாகத்தான் தெரியும். நொண்டினால் மூட்டுத் தேய்மானம் என்று விட்டுவிடாதே. பெரிய நாய்களுக்கு எலும்பில் புற்று வருவதுண்டு. சிறிய நாய்களுக்கும் அவற்றுக்கென்று உபாதைகள் உண்டு. பொமரேனியனுக்குப் பற்கள் கெட்டதும் முழங்கால் சில்லு விலகியதும் சித்தி சொல்லி நீ அறிந்தவைதானே. ஆனால் சிறிய நாய் பெரும்பாலும் நாள்கணக்கில் அவகாசம் தரும். பெரிய நாய் சில வேளை ஓர் இரவுகூடத் தராது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உன் சிறுவயதில் நம் வீட்டில் இருந்த நாய் மணி வயதாகி இறந்தான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். மணிக்கு அப்போது 6 வயது. ஜெர்மன் ஷெப்பர்ட் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அப்பா வீட்டில் இல்லாத அந்த இரவில், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவன் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். குமட்டிக் குமட்டிப் பார்த்தான்; நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. தொட்டபோது வயிறு மத்தளம்போல் இறுகியிருந்தது. ஒருமுறை என் முழங்காலில் தலையைச் சாய்த்துவிட்டு, படுக்க முடியாமல் மீண்டும் எழுந்துகொண்டான். நீ உறங்கிக்கொண்டிருந்தாய், உன்னைத் தனியே விட்டுப் போவதா, எழுப்பி அழைத்துப் போவதா என்று தயங்கினேன். அஜீரணமாக இருக்கும், விடியட்டும் என்று முடிவு செய்தேன். நான்கு மணிக்கு அவன் போய்விட்டான். மறுநாள் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது: நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும், இரத்த ஓட்டம் நின்றுவிடும், முதல் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு. நீ எழுந்து வந்து கேட்டபோது "வயதாகிவிட்டதப்பா" என்றேன். நீ நம்பினாய். அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டை இன்னும் உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் அதை எடுத்துத் துடைத்ததுகூட இல்லை.

அப்படி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகமாக உள்ள இனம் கிரேட் டேன். அதைத் தடுக்க இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பார்கள். பீமனுக்கு அதைச் செய்தாயா என்று ஏழு ஆண்டுகளாக உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். கேட்டால், எனக்கு அது எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். இப்போது கேட்கிறேன். செய்தாயா?

நேரில் வந்து பேச வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அவனை மருத்துவரிடம் அழைத்துப் போ. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல். அதற்கு முன், இன்றிரவு அவன் அயர்ந்து உறங்கும்போது பக்கத்தில் அமர்ந்து, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார். 30க்கு மேல் போனால் காலைவரை காத்திருக்காதே. எண்ணிவிட்டு அந்த எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு; வேறு எதுவும் எழுத மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்நேரமானாலும் கைப்பேசி என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா