இரட்டை ரோபோ காதல் கதை எழுதுகிறவர்களே, அவளிடமும் சொல்லிவிடுங்கள்

சிரிக்கச் சிரிக்க அறிவியல் புனைகதை எழுதுகிற எழுத்தாளர்களுக்கும், அவற்றைப் படமாக எடுக்கிற இயக்குநர்களுக்கும், வசனம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒருவரை அப்படியே உரித்து வைத்தாற்போல ஒரு ரோபோ, அதனால் குழம்பிப்போகும் ஒரு காதல். இந்தக் கதையை நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். நானும் விடாமல் வாசிக்கிறேன், பார்க்கிறேன். பிடித்துத்தான் பார்க்கிறேன். ஒரே நடிகர் இரண்டு பேராக வந்து, ஒருவர் கண் சிமிட்ட, மற்றவர் சிமிட்ட மறந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்காது. ஆனால் கதை முடியப்போகும் நேரத்தில், பெரும்பாலும் ஒரே ஆள் காணாமல் போய்விடுகிறார். ஏமாந்தவர். காதலன் என்று நம்பி இயந்திரத்தோடு பேசியவள், அல்லது காதலி என்று நம்பி இயந்திரத்தின் கையைப் பிடித்தவன். விஞ்ஞானிக்குப் புத்தி வருகிறது, ரோபோவுக்குக் கண்ணீர் வருகிறது. ஏமாந்தவருக்கு மட்டும் ஒரு காட்சி இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் இரட்டையரில் ஒருத்தி. தங்கையைவிட ஆறு நிமிடம் மூத்தவள். முகமும் ஒன்று, குரலும் ஒன்று. நான் மணந்துகொள்ளப் போகிறவர் ஒருநாள் போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். தங்கை எடுத்து, நானாகவே அரை மணி நேரம் பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெளியே வந்த நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியில் உண்மையைச் சொன்னபோது அவரும் சிரித்தார். இரண்டு நாள் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்பா இறந்த அன்று நடந்ததை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அதை நான் யாரிடம் சொன்னேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. தங்கை அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். இன்று இருவரும் நல்ல நண்பர்கள். ஆனாலும் இரட்டை ரோபோ கதை எதைப் பார்த்தாலும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார்களா என்று காத்திருக்கிறேன். அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ரோபோ வருவதற்கு முன்பே இந்தக் கதை இருக்கிறது. ஏறக்குறைய 2200 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் பிளாட்டஸ் எழுதிய 'ஆம்ஃபிட்ரியோ' நாடகத்தில், கணவன் போருக்குப் போயிருக்கும்போது தேவர்களின் அரசன் ஜூபிடர் அவன் உருவத்தில் வந்து அவன் மனைவி அல்க்மேனாவோடு தங்குகிறான். வேலைக்காரன் சோசியா தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவனைப் பார்த்து, அப்படியானால் நான் யார் என்று திண்டாடுவது இன்றைக்கும் சிரிப்பு மூட்டும். சரி, முடிவில் என்ன நடக்கிறது? ஜூபிடர் இறங்கி வந்து நடந்ததை விளக்குகிறான். கணவனிடம் விளக்குகிறான். அல்க்மேனா மேடையில் இல்லை. 1668இல் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் அதே கதையை எடுத்தார். அங்கும் கடைசிக் காட்சியில் அவள் இல்லை. 1807இல் வெளிவந்த, ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட்டின் நாடகத்தில்தான் அவள் கடைசிவரை மேடையில் நிற்கிறாள். நாடகத்தின் கடைசிச் சொல்லும் அவளுடையது. "ஆஹ்!" ஓர் அசை, அவ்வளவுதான். அந்த ஓர் அசைக்கு என்ன பொருள் என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளை மேடையில் நிறுத்தியதாலேயே நாடகத்துக்கு வந்த ஆழம் அது.

நம்மிடம் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரம். நளனைத்தான் அவள் விரும்புகிறாள் என்று தெரிந்து, நான்கு தேவர்கள் நளனாகவே உருமாறி வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்து நளன்கள்! ஒரு நகல் வந்தாலே நீங்கள் இரண்டரை மணி நேரம் படம் எடுக்கிறீர்கள். அங்கே நான்கு நகல்கள். தமயந்தி என்ன செய்கிறாள்? யாரையும் கூப்பிட்டு முடிவு கேட்கவில்லை. உற்றுப் பார்க்கிறாள். ஒருவனுக்குத்தான் கண் இமைக்கிறது. ஒருவனுடைய கால்தான் தரையைத் தொடுகிறது. ஒருவன் கழுத்து மாலைதான் வாடுகிறது. மாலையை அவனுக்குப் போடுகிறாள். குறை எதுவும் இல்லாதவர்கள் நால்வர் இருக்க, சோர்வும் வாட்டமும் தெரிகிற ஒருவனைத் தன் ஆளாக அவள் கண்டுகொள்கிறாள். ரோபோ எது, மனிதன் எது என்று கண்டுபிடிக்க நீங்கள் எழுதும் எந்தச் சோதனைக் காட்சியையும் நான் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன். சோதிக்கிறவள் அவள், அங்கேதான் அந்தக் காட்சியின் உயிர்.

அகலிகைக்கு அப்படிச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. உருமாறி வந்தவன் இந்திரன், சாபம் அவளுக்கும் சேர்த்து. பல நூற்றாண்டு கழித்துப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அவளை உட்காரவைத்து யோசிக்கவிட்டார். அவள் மறுபடி கல்லாகிப் போனாள். அது சிரிப்புக் கதை இல்லைதான். ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு காலம் காத்திருக்கும் என்று அதைப் படித்தபோது புரிந்தது.

"இதெல்லாம் கேட்டால் காமெடி கெட்டுவிடும்" என்று நீங்கள் சொல்லலாம். கெடாது. இந்த வகையின் பழைய நகைச்சுவைகளையே பாருங்கள். 1870இல் பாரிஸில் அரங்கேறிய 'கொப்பேலியா' பாலேயில் ஃபிரான்ஸ் என்ற இளைஞன் சன்னலில் உட்கார்ந்திருக்கும் பொம்மையைப் பெண் என்று நினைத்து மயங்குகிறான். அவனுக்கு நிச்சயமான ஸ்வானில்டா என்ன செய்கிறாள்? பொம்மை செய்கிறவரின் பட்டறைக்குள் புகுந்து, பொம்மையின் உடையைத் தான் போட்டுக்கொண்டு, உயிர்வந்த பொம்மையாக ஆடி அந்தக் கிழவரையே ஏமாற்றுகிறாள். 1919இல் ஜெர்மன் இயக்குநர் லூபிட்ஷ் எடுத்த 'பொம்மை' என்ற மௌனப்படமும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பயந்த இளைஞன் ஒரு பொம்மையைக் கட்டிக்கொள்ளத் தீர்மானிக்கிறான். பொம்மை செய்கிறவர் தன் மகளைப் போலவே ஒன்றைச் செய்து வைத்திருக்க, உதவியாளன் அதன் கையை உடைத்துவிடுகிறான். மகளே பொம்மையாக நடித்து அவனோடு போகிறாள். விருந்தில் யாரும் பார்க்காத நேரத்தில் அவள் சாப்பாட்டை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்து நான் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறேன். நூறு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு பழசாகவில்லை. இரண்டிலும் பெண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். ஏமாறுகிறவன், இயந்திரத்தை மனுஷியைவிடச் சௌகரியமாக நினைத்தவன்.

பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிருள்ள ஒன்று இயந்திரம்போல விறைத்து நடக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அதன் மையக் கருத்து. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. மனைவியோடு பேச நேரமில்லாமல் தன் இடத்தில் ஒரு நகலை உட்காரவைக்கிறவன்தான் விறைத்துப்போனவன். அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்த நகலிடம் மனம்விட்டுப் பேசுகிறவளிடம் எந்த விறைப்பும் இல்லை. அவளைச் சிரிப்புப் பொருளாக்கும்போது சிரிப்பு தவறான ஆள்மேல் விழுகிறது. அதனால்தான் அந்த இடங்களில் அரங்கில் சிரிப்பு வந்தாலும் கொஞ்சம் சங்கடமாகவே வருகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1949இல் எழுதிய ஒரு சிறுகதையில் இது கச்சிதமாக நடக்கிறது. பிரேலிங் ஒரு மாதம் ரியோவுக்குப் போக ஆசைப்பட்டு, தன் இடத்தில் விட்டுப்போகத் தன்னைப் போலவே ஓர் இயந்திரத்தை வாங்குகிறார். தனக்கும் ஒன்று வேண்டும் என்று வீட்டுக்கு ஓடும் அவர் நண்பர், தூங்கும் தன் மனைவியின் மார்பில் காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்கிறது. ஏமாற்ற நினைத்தவர் ஏமாந்து நிற்கிறார். அபாரமான சிரிப்பு அது. பிரேலிங்கின் நகலோ அவர் மனைவியைக் காதலிக்கத் தொடங்கி, அவரைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. கடைசியில் அது அந்த அம்மாவின் கன்னத்தில் முத்தமிடுகிறது. பல வருடமாக நீங்கள் இப்படிச் செய்ததில்லையே என்று அவர் வியக்கிறார். கதை முடிந்துவிடுகிறது. அந்த வியப்பை என்னால் தாங்க முடியவில்லை. அந்த அம்மாவுக்குப் பழையவரைவிட நல்ல கணவர் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பழையவர் பெட்டிக்குள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. பிராட்பரி அந்த இடத்தில் நிறுத்தியது கூர்மை. அதைப் பார்த்து மற்றவர்கள் நிறுத்துவது பழக்கமாகிவிட்டது.

தமிழில் 2010இல் வந்த 'எந்திர'னுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வசீகரன் முகத்தோடு வரும் சிட்டி காதலைச் சொல்லும்போது சனா மறுக்கிறாள். அவளுக்கு எது யார் என்று தெரியும். படம் அந்த மரியாதையைக் கொடுத்தது. அப்புறம் வசீகரனே ரோபோவாக நடித்து ரோபோக்களுக்கு நடுவே புகுந்து, சிட்டி அந்தக் கறுப்பு ஆட்டைத் தேடி "மே" என்று கத்தும் காட்சி. நகல் அசலைத் தேடுகிறது! ஸ்வானில்டா ஆடிய ஆட்டம்தான் அது, கொஞ்சம் பயத்தோடு. இப்படி எழுத நமக்குத் தெரிகிறது என்பதால்தான் கேட்கிறேன்.

இன்னொருவரும் இருக்கிறார், அவரைப் பற்றிச் சுருக்கமாக. எவருடைய முகம் எடுக்கப்பட்டதோ அவர். 2001இல் 'ஃபியூச்சராமா' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில், நடிகை லூசி லியூவின் உருவத்தை ரோபோவில் இறக்கிக் காதலிக்கும் அத்தியாயம் ஒன்று வந்தது. நகலுக்கும் குரல் கொடுத்தவர் லூசி லியூ, அசலுக்கும் அவரே. அசலும் கதையில் வந்து தன் பக்கத்தைப் பேசினார். இன்று ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணினியிலேயே செய்துவிட முடிகிறது. உங்கள் கற்பனை எங்கள் கைப்பேசி வரைக்கும் வந்துவிட்டது. போனில் கேட்கிற குரல் யாருடையது என்று இப்போது எல்லாரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இரட்டையரோடு பழகியவர்களுக்கு இது முன்பே தெரிந்த அவஸ்தை.

நான் கேட்பது ஒரு காட்சி. நகல் யார் என்று ஏமாந்தவருக்குத் தெரியவரும் காட்சி. அதில் அவர் வாய் திறந்து பேச வேண்டும். சண்டையோ கண்ணீரோ கட்டாயமில்லை. அவர் சிரிக்கலாம். ரோபோவையே தேர்ந்தெடுக்கலாம். இருவரையும் வெளியே போகச் சொல்லலாம். எது செய்தாலும் தெரிந்து செய்யட்டும். அவர் முடிவை விஞ்ஞானி தீர்மானிக்க வேண்டாம். கடைசிப் பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தவிர்க்கவும் வேண்டாம். அந்தக் காட்சியை எழுத உட்கார்ந்தீர்களானால் அவர் கேட்கக்கூடியவை உங்களுக்கே வரும். எனக்குத் தெரிந்த சிலவற்றை மட்டும் இங்கே விட்டுப் போகிறேன். எந்த நாளிலிருந்து? எனக்குக் காய்ச்சல் வந்த இரவு பக்கத்தில் இருந்தது யார்? நான் சொன்னதையெல்லாம் அது உன்னிடம் சொன்னதா? கேட்டு நீ சிரித்தாயா?

அன்புடன்,
இரட்டையரில் மூத்தவள்