யாருடைய நோய் யாருக்குத் தெரிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்றபோது நான் பள்ளி மாணவன். அப்போது நாங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தோம். ஒரு நாள் இரவு ஊர் மந்தையில் டெக் (வீடியோ கேசட் கருவி) போட்டு, மருத்துவமனையில் அவர் தேறிவரும் காட்சிகளைக் காட்டினார்கள். கூடியிருந்த பெண்கள் அழுதார்கள். 'கிட்னி' என்ற சொல்லே எங்கள் தெருவுக்கு அந்த ஆண்டுதான் வந்தது. அவருடைய அண்ணன் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்ததும் தெரியவந்தது. ஆனால், பக்கவாதத்தால் அவருடைய பேச்சு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது என்பது, 1985 பிப்ரவரி 4 அன்று அவர் சென்னை திரும்பிய பிறகுதான் மக்களுக்கு விளங்கியது.

32 ஆண்டுகள் கழித்தும் நிலைமை மாறவில்லை. 2016 செப்டம்பர் 22 அன்று காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்று சொல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சர் ஜெயலலிதா, 75 நாட்கள் அங்கேயே இருந்து டிசம்பர் 5 அன்று காலமானார். இடையில் அவருடைய இலாகாக்களை ஓ.பன்னீர்செல்வத்திடம் ஆளுநர் ஒப்படைத்தார். இடைத்தேர்தலுக்கான கட்சிப் படிவத்தில் ஜெயலலிதாவின் இடது பெருவிரல் ரேகை பதிக்கப்பட்டு, அது நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் கோப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்ற எளிய கேள்விக்கு, வாக்களித்தவர்களுக்கு அன்று தெளிவான பதில் கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு 2017-இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டு, 2022-இல்தான் அறிக்கை தந்தது. அவர் காலையில் இட்லி சாப்பிட்டாரா என்பதை அறிய எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தச் செய்திகளெல்லாம் வீண். பணியாற்ற முடியுமா, முடியாதா என்பதை மட்டும், கட்சிக்கும் குடும்பத்துக்கும் கட்டுப்படாத மருத்துவர் குழு ஒன்று குறிப்பிட்ட நாட்களுக்குள் சட்டமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் போதும். அமெரிக்காவில் அதிபர் செயல்பட முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு 1967-லேயே அரசியல் சட்டத்தில் வழி செய்துவிட்டார்கள். நம் அரசியல் சட்டத்தில் முதலமைச்சருக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

இதை எழுத என்னைத் தூண்டியது என் அண்ணனின் நோய். விசைத்தறியில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலாவுக்காக, அதாவது டயாலிசிஸ் ஊசி போட வசதியாக ரத்தக் குழாய்களை இணைப்பதற்காக, அறுவை செய்த இடத்தில் விரலை வைத்தால், உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையை மறைக்கக் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். ஆனால் மறைத்து என்ன பயன்? காப்பீட்டு அட்டைக்காக, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வாங்கப் போன இடத்தில், எதற்கு என்று கேட்டார்கள், சொன்னார். மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வார்டிலோ பெயர், வயது, நோய் எல்லாம் கட்டிலின் கால்மாட்டு அட்டையில் தொங்கியது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள்கூட அதை வாய்விட்டுப் படித்தார்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைக்கூடக் கேட்காமல், சம்மதப் படிவத்தில் மைப்பெட்டியை நீட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். அந்த ரேகை யாருடையது என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்கு வரப்போவதில்லை.

செய்தி பரவிய வாரமே தறிக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அவரை முழுவதும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது. அடுத்த மாதம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், "குடும்பத்திலேயே கிட்னிக் கோளாறாமே" என்று தரகரிடம் கேட்டுவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள்.

ஊரை ஆள்பவரின் நோய் ஊருக்கே உரிய சங்கதி. அதைப் பூட்டி வைக்கிறோம். தறி ஓட்டுபவரின் நோய் அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரியது. அதைக் கால்மாட்டில் தொங்கவிடுகிறோம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே பாதுகாப்பைச் சிறுநீரக நோயாளிக்கும், புற்றுநோயாளிக்கும், மனநோயால் மருந்து உண்பவருக்கும் நடைமுறையில் தருவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கட்டில் அட்டையில் நோயின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதலாம். சான்று கேட்டு வருபவரிடம் நோயைக் கேட்கக் கூடாது என்று வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். தேர்தல் அறிக்கை தயாரிக்கும் கட்சிகள் இரண்டையும், மேலே சொன்ன மருத்துவர் குழுவையும், பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் இப்போது பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குப் போவதில்லை. தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாது என்பதற்காக, டயாலிசிஸ் நாட்களில் விடியற்காலைப் பேருந்தில் மதுரைக்குப் போகிறார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்த களைப்போடு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி இரவு திரும்புகிறார். பேருந்தில் யாராவது கேட்டால், நூல் வாங்கப் போய்வருவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆண்டிபட்டி, தேனி மாவட்டம்.