தடைப்பட்டியல் போதாது, தராசும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரியவந்தவர் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு பட்டியல். இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே என்று நீளும் அந்தப் பட்டியலைப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களும் திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. அதில் உள்ளவை பெரும்பாலும் தவறல்ல. ஆனால் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அதனால் சிலர் பயந்து அரைப்பட்டினி கிடந்து, மூன்றாம் வாரம் தாங்க முடியாமல் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் வெள்ளைச் சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறி, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தடைப்பட்டியலை விடப் பயன் தருபவை இரண்டு: கிராம் காட்டும் ஒரு சமையலறைத் தராசு, வீட்டிலேயே விரல் இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஒரு குளுக்கோமீட்டர். இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் மருத்துவப் பக்கங்கள் விரிவாக எழுத வேண்டும்.

இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது இனிப்பு மட்டுமல்ல, உணவில் உள்ள மொத்தக் கார்போஹைட்ரேட். மாவுச்சத்தும் குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. 15 கிராம் கார்போஹைட்ரேட்டை ஒரு பங்கு என்று கொள்வது உணவியலில் வழக்கம். ஒரு சாதாரண ரொட்டித் துண்டு ஏறக்குறைய ஒரு பங்கு. 240 மில்லி பாலில் 12 கிராம், 100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் சுமார் 20 கிராம். ஒரு நடுத்தர ஆரஞ்சுப் பழத்தில் சுமார் 15 கிராம்தான். அதைச் சாறாக்கி 240 மில்லி குடித்தால் 26 கிராம், அதுவும் நார் போனபின், மென்று தின்னும் நேரமும் இல்லாமல். பழம் ஆகாது என்பதல்ல விஷயம். ஒரு முழுப் பழம் ஆகும், ஒரு கோப்பைச் சாறு ஆகாது.

சோற்றை எடுத்துக்கொள்வோம். காலித் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவைக் குறைக்காமல், கூட்டாமல் போடுங்கள். 350 கிராம் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம், பலருக்கும் அப்படித்தான் காட்டும். வெந்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு. ஆக அந்தத் தட்டில் இருப்பது 98 கிராம், ஆறரைப் பங்கு. ஒரு வேளைக்கு 45 கிராம் கார்போஹைட்ரேட் என்று தொடங்கலாம் என்றால் 160 கிராம் சோறு வரும். கூடவே 100 கிராம் வெந்த பருப்பு இருந்தால், அதில் உள்ள 20 கிராம் கார்போஹைட்ரேட்டில் 8 கிராம் நார்ச்சத்து. அது சர்க்கரையாக மாறாது. மீதி 12 கிராமைக் கணக்கில் ஏற்றி, சோற்றை 120 கிராமாகக் குறைத்தால் சரியாக வரும். தட்டில் காலியாகும் இடத்தைக் காய்கறியாலும் முட்டை, மீன், பயறு போன்ற புரதத்தாலும் நிரப்ப வேண்டும். அதைச் செய்யாமல் சோற்றை மட்டும் குறைப்பவர்தான் நான்கு மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார்.

இங்கே வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: அரிசிப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் 100 கிராமுக்குச் சுமார் 80 கிராம் என்பது வேகாத அரிசிக்கான கணக்கு. அதை வெந்த சோற்றுக்குப் போட்டுப் பார்த்து, சோறே கூடாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், தவிடு நீக்காத அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள். அதில் நார் கூடுதல், சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் கார்போஹைட்ரேட் வெள்ளை அரிசியை விடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். எந்த முழுத் தானியமும் நைசாக அரைபட்டு மாவானால், அல்லது குழையக் குழைய வெந்தால், சர்க்கரையை வேகமாகவே ஏற்றும்.

பத்து நாள் எடை போட்டால் போதும். கண் பழகிவிடும், பிறகு தராசை எப்போதாவது எடுத்தால் போதுமானது.

அடுத்தது மீட்டர். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் தானாகவே குளுக்கோஸை வெளிவிடுகிறது. இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தாலும் காலை அளவு ஏறியிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைப்பது பயனற்ற தண்டனை. சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு முறை, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஜோடியாகப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல. கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் வேறு இலக்கு தரலாம். இவை மில்லிகிராம் கணக்கு. மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரே சாப்பாட்டை ஒரே அளவில் வேறு வேறு மூன்று நாட்களில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு நாள் அளவில் தூக்கக் குறைவு, சளிக்காய்ச்சல், நடக்காமல் இருந்தது எல்லாம் கலந்திருக்கும்.

பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும். தோலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சாறே அளவை எங்கோ கொண்டுபோய்விடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்புகளின் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். அளவு 100-க்கு மேல் இருக்கும்போது நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. ஆகவே நேற்று 148, இன்று 156 என்று மனம் உடைய வேண்டியதில்லை. அந்த இரண்டும் ஒரே அளவுதான்.

அளவு ஏறினால் உணவை வெட்டுவதற்கு முன் வேறு இரண்டு வழிகளைச் சோதித்துப் பாருங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோறு அல்லது ரொட்டியைக் கடைசியில் சாப்பிடுவது ஒன்று. அதே தட்டு, அதே அளவு, வரிசை மட்டும் மாறுகிறது. பலருக்கு ஏற்றம் குறைகிறது. சாப்பிட்டவுடன் 10 முதல் 15 நிமிடம் நடப்பது மற்றொன்று. வேலை செய்யும் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ள இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. நார்ச்சத்தை மட்டும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். வயிறு உப்பி, அதையே காரணம் காட்டி எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். தண்ணீரோடு சேர்த்து, சில வாரங்களில் மெதுவாகக் கூட்டுங்கள்.

கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று வாரத்தில் எடுத்துப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாதம் பொறுத்தால்தான் உணவு மாற்றம் அதில் முழுதாகத் தெரியும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது உண்மையை விடக் கூடுதலாகக் காட்டலாம். மற்றொன்று, கண்ணாடி. சர்க்கரை வேகமாக இறங்கும் முதல் வாரங்களில் கண் வில்லையில் நீர் அளவு மாறி, பார்வை மங்கலாகத் தெரியும். உடனே ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சில வாரங்களில் பார்வை நிலைப்பட்டதும் அது பொருந்தாமல் போகும். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் வகையில் நோய் தெரியவந்த நாளிலேயே விழித்திரை பாதித்திருக்க வாய்ப்புண்டு.

உணவாலேயே நோய் அடங்கும் என்று வெளிவரும் செய்திகள் முழுப் பொய்யல்ல. பிரிட்டனில் நடந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து 6 ஆண்டுகளுக்குள் இருந்த, உடல் எடை கூடியவர்கள் 3 முதல் 5 மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் உட்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தின்றியே சர்க்கரை, நோய் அளவுக்குக் கீழே வந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் எடை குறைந்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 சதவீதமாகக் குறைந்தது. செய்திகளில் விடுபடுவது இதுதான்: இன்சுலின் போடுபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தியதும், பிறகு தொடர்ந்து கண்காணித்ததும் மருத்துவக் குழு. ஒல்லியாக இருந்து, எடை வேகமாக இறங்கி, தாகமும் சிறுநீரும் மிகுந்தவருக்கு இது இரண்டாம் வகையே அல்லாமலும் இருக்கலாம். அவருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் ஆபத்து.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உணவுக் குறிப்பு வெளியிடும்போதெல்லாம் அதனுடன் மாத்திரை பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே விழக்கூடும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். அப்போது 15 கிராம் குளுக்கோஸோ அரைக் கோப்பைப் பழச்சாறோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர் கார்போஹைட்ரேட்டை அறவே விட்டால், மீட்டரில் அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தியும் மூச்சு வாங்குவதும் அதன் அடையாளம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவைக் குறைக்கப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லி, மாத்திரைச் சீட்டைத் திருத்தி வாங்கிக்கொண்ட மறுநாள் தராசை எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகர்