கிளீவ்டன் கடல்பாலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்து என்றாலே லண்டனைத்தான் எழுதுகிறீர்கள், ஒருமுறை பிரிஸ்டல் பக்கத்தில் இருக்கும் கிளீவ்டன் என்ற சின்னக் கடற்கரை ஊரைப் பற்றியும் எழுதலாமே. மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு நாள் சுற்றினேன். கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகும் கடல்பாலம் ஒன்று, 1869-இல் திறந்தது, இன்னும் நிற்கிறது, அதுவும் பழைய ரயில் தண்டவாளங்களைக் கால்களாக்கிக் கட்டியது! தூரத்திலிருந்து பார்த்தால் ஒல்லிக் குச்சிகள் மேல் பலகை போட்டமாதிரிதான் இருக்கிறது, இது எப்படித் தாங்குகிறது என்று பயமாகவே இருந்தது. அந்தக் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டம், சுமார் 14 மீட்டர் வரை ஏறி இறங்குமாம். நான் போனது வற்றிய நேரம், கீழே எட்டிப் பார்த்தால் வெறும் பழுப்புச் சேறு.

1970-இல் பாரம் தாங்குமா என்று தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார்கள், அப்போது பாலத்தின் இரண்டு கண்கள் (கால்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) இடிந்து கடலில் விழுந்துவிட்டன (சோதனையே வினையாகிவிட்டது, பாருங்கள்). இடித்துத் தள்ளலாம் என்ற பேச்சு வந்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை, அறக்கட்டளை அமைத்து, விசாரணை வரை போய் வாதாடி, பணம் திரட்டிப் பழுது பார்த்து 1989-இல் மறுபடி திறந்தார்கள். முனைப் பகுதி திறக்க 1998 ஆனது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பொறித்த குட்டிப் பித்தளைத் தகடுகள் அங்கே நிறைய. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தே எனக்கு அரை மணி நேரம் போய்விட்டது, மருமகள்தான் வந்து கூட்டிப் போனாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்