இந்த ஞாயிறு தேக்காவுக்கு வராதே

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "இந்த ஊர் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது அத்தை" என்று நிதானமாகச் சொன்னாய். சிங்கப்பூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் கிழக்கு எது, மேற்கு எது என்றுகூடத் தெரியவில்லை என்றாய். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நேரில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல இங்கே அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். அண்ணன் மகளை மருமகள் என்றே எழுதியிருக்கிறேன், உன் பேரைப் போடவில்லை.

கிழக்கு தெரியவில்லை என்பதில் உன் தப்பு எதுவும் இல்லை கண்ணு. யோசித்துப் பார். நீ காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறாய். அப்போது இங்கே விடிந்திருக்காது. சிங்கப்பூர் 1982ஆம் ஆண்டு கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. அதிலிருந்து சூரியன் எழும்ப ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடுகிறது. தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. இருட்டில் கிளம்பி நீ ஏறுகிற வடகிழக்கு ரயில் பாதை முழுக்க முழுக்கப் பூமிக்கடியில் ஓடுகிறது. சாயங்காலமும் அதே பாதை. திரும்பி மேலே வரும்போது மறுபடி இருட்டு. சூரியனையே பார்க்காமல் ஐந்து மாதம் இருந்தால் யாருக்குத்தான் திசை தெரியும்?

ஊர் ஒன்றும் பெரியதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர்தான், தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற தூரம்கூட இல்லை. ஆனால் அதற்குள் அறுபது லட்சம் பேர். கோயில், குளம், பஸ் ஸ்டாண்டு என்று அடையாளம் வைத்து நடந்து பழகியவள் நீ. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அச்சில் வார்த்த மாதிரி வீவக புளோக்குகள், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முகவரியைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் தலைசுற்றல் நின்றது. நம் ஊரில் பின்கோடு ஊருக்கே ஒன்று. இங்கே ஆறு இலக்க அஞ்சல் எண் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. வீவக வீடென்றால் பெரும்பாலும் அதன் கடைசி மூன்று இலக்கமே புளோக் எண்ணாக இருக்கும். அப்புறம், எல்ஆர்டியில் தப்பான பக்கம் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்ததைச் சொல்லி வருத்தப்பட்டாயே, அந்தச் சின்ன ரயில் வளையமாகத்தான் ஓடுகிறது. நீ இருக்கும் செங்காங்கில் கிழக்கு வளையம், மேற்கு வளையம் என்று இரண்டு. உன் வளையத்தில் எந்தத் திசையில் ஏறினாலும் உன் ஸ்டேஷன் வந்தே தீரும். கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. ஐந்து மாதமாக ஒரு ஞாயிறு விடாமல் நீ தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போகிறாய். வீரமாகாளியம்மன் கோயில், ஒரு தோசை, மல்லிகைப்பூ, கூட்டத்தில் கொஞ்ச நேரம் நடை, திரும்ப ரயில். மற்ற ஆறு நாளும் அறைக்கும் ஆபீசுக்கும்தான் நடக்கிறாய். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் இப்படித்தான் இருந்தேன்.

2006இல் கல்யாணமாகி இங்கே யீஷூனுக்கு வந்தேன். உன் மாமாவுக்கு ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினால்தான் எனக்கு மூச்சே வரும். கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்ப்பேன். ஒன்றரை வருஷம் அப்படியே போனது. அந்த ஒன்றரை வருஷத்தில் என் மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை விடிந்தால் அடுத்த ஞாயிறு எப்போது என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. தாழ்வாரத்தில் காய்ந்த துணியை எடுக்க வந்தவள், நாலு வீடு தள்ளி ஒரு தொட்டியைப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடி! இடுப்புயரம் இருந்தது. சாரல் பட்டு வாசம் கிளம்பியிருந்தது. நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். அந்த வீட்டுச் சீனத் தாத்தா கதவைத் திறந்து பார்த்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் சரளமாக வராது, அவருக்கும் அப்படித்தான். கையால் காட்டியும் பாதி வார்த்தை பேசியும் புரிந்துகொண்டது இது: நாங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்திருக்கிறது. காலி செய்து போகும்போது அந்தச் செடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், வருஷக்கணக்கில்.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் இரும்புக் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே இரண்டு கொத்து கறிவேப்பிலை. கதவைத் தட்ட மாட்டார். தீபாவளிக்கு நான் முறுக்குக் கொடுத்தேன், சீனப் புத்தாண்டுக்கு அவர் வீட்டம்மா இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அந்த அம்மா என்னை லிப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் "ஈட் ஆல்ரெடி ஆ?" என்று கேட்பார். கீழே இருக்கும் மக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியம்மா, "சுடா மாக்கான்?" என்பார். பக்கத்து புளோக்கில் இருந்த உள்ளூர்த் தமிழ் ஆயா "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்கும். மூன்றும் ஒரே கேள்வி. நம் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் உன் அப்பாயி முதலில் கேட்டதும் அதைத்தானே?

உன்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. காரணம் இந்த ஊர் மனிதர்கள் இல்லை. வீட்டுக்காரர் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், சரி. அதனால் தினமும் சாப்பாட்டைத் தாபாவ், அதாவது பார்சல், கட்டி வாங்கி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறாய். பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே ஆறரை, அண்ணி விளக்கேற்றும் நேரம். அவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கப் போகும் வரை நீயும் கூடவே விழித்திருக்கிறாய். உனக்கு மணி பன்னிரண்டைத் தாண்டிவிடுகிறது. உடம்பு செங்காங்கில் இருக்கிறது, கடிகாரம் தஞ்சாவூரில் ஓடுகிறது. இப்படி நெடுநாள் தாங்காது அம்மாடி. அண்ணியிடம் நானே பேசுகிறேன். எட்டரைக்குக் கூப்பிடு, ஒன்பதரைக்கு வை.

சாப்பாட்டை உன் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடு. தனியாக உட்கார்ந்தால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள், இங்கே பாதிப் பேர் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். டீ சொல்லத் தயங்காதே. வெறும் "தே" என்றால் டின் பால் ஊற்றித் தருவார்கள், திகட்டும். "தே சி" என்றால் சர்க்கரை சேர்க்காத டின் பாலும் தனியாகச் சர்க்கரையும். "தே ஓ" பால் இல்லாதது. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் "சியூ தாய்", சர்க்கரையே வேண்டாமென்றால் "கோசோங்". நம் வாய்க்கு "தே சி சியூ தாய்" சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியவில்லை என்றாயே. நீ இருக்கும் செங்காங்கிலேயே, ரிவர்வேல் கிரசெண்டில், வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அது தெரியாமல் ஒன்பது ஸ்டேஷன் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாய். தேக்காவுக்குப் போக ஆசை வரும்போது போ, ஆனால் பஸ்ஸில் போ, மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டில். அப்பர் சிராங்கூன் ரோடு அப்படியே சிராங்கூன் ரோடாகி லிட்டில் இந்தியாவில் போய் முடியும். இத்தனை நாள் அதன் அடியில்தான் நீ ரயிலில் போய்க்கொண்டிருந்தாய்.

அப்புறம் இன்னொன்று. விடிவதற்கு முன்னால் ஏதோ ஒரு பறவை கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றாய். அது குயில்தான். காதில் இயர்போன் இல்லாமல் ஒரு நாள் கேட்டுப் பார், நம் கொல்லைப் புளியமரத்தில் கூவுமே, அதே குரல்.

இந்த ஞாயிறு நீ தேக்காவுக்கு வர வேண்டாம். மாமாவும் நானும் காலை எட்டு மணிக்கு உன் புளோக்குக்கு வருகிறோம். அதற்குள் வெயில் வந்துவிடும். எந்த மரத்தில் குயில் இருக்கிறது என்று பார்த்து வை. பசியாற உன் காப்பிக் கடைக்குத்தான் போகிறோம். எனக்கு என்ன டீ என்று கடைக்காரரிடம் நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தை