விரலில் இருப்பது மருதாணி இல்லை

ஓஷாவா, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என் விரலைப் பார்த்து “மருதாணியா?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மருதாணி இல்லை, விரிசல் பார்க்கிற சாயம்.

பயிற்சி விமானங்களின் சக்கரக் கால்களைச் சோதிப்பதுதான் இப்போது என் வேலை. பெரும்பாலும் நாலு பேர் உட்காரும் செஸ்னா 172. பழையவற்றில் கால் என்பதே தட்டையான எஃகுப் பட்டை, நம் பட்டறையில் கிடக்கும் லாரி ஸ்பிரிங் பட்டை மாதிரி. 1971 மாடலிலிருந்து குழாய் ஆக்கிவிட்டார்கள். ஓட்டப் பழகும் பிள்ளைகள் தொப்பென்று இறக்குவார்கள், அத்தனை அடியும் அந்தக் காலுக்குத்தான். 100 மணி நேரம் பறந்ததும் எங்களிடம் வந்துவிடும்.

டார்ச்சும் 10 மடங்கு லென்சுமாகத் தேடுவோம். ஆள் ஏறுவதற்கான படி காலில் ஒட்டியிருக்கும் இடத்தை நான் விடவே மாட்டேன். அடியில் தண்ணீர் தங்கித் துருக்குழி விழும், விரிசல் அதிலிருந்து கிளம்பும்.

போன வாரம் வேறொரு விமானத்தில், முன் சக்கரம் திரும்பிவிடாமல் பிடிக்கும் கத்திரி போன்ற கையில் மயிரிழையாக ஒரு கோடு. வெறும் கீறல் என்றார் கூட இருந்த பெரியவர். எனக்கு மனசு கேட்கவில்லை. கழற்றி, பெயின்ட் எடுத்து, சிவப்புச் சாயம் அடித்துக் கால் மணி நேரம் விட்டேன். அப்புறம் அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். கழுவும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்காமல் நேரே அதன்மேல் அடித்துவிட்டேன். உள்ளே இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விட்டது. விரிசலுக்குள் இருக்கும் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை மருந்தை அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. பெரியவர் சிரித்தார்.

பேசாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே மைனஸ் 14. உலோகம் ஜில்லென்று இருந்தால் சாயம் சரியாக இறங்காது என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன். இந்தத் தடவை விபூதி பூசினாற்போல வெள்ளை காய்ந்தது. போல்ட் ஓட்டையின் ஓரத்திலிருந்து குங்குமக் கோடு ஒன்று மெல்ல ஊறி வந்தது. அரை அங்குலம்கூட இருக்காது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், அந்தக் கைக்குப் பதில் வேறொன்று வரவழைக்கப் போன் செய்யப் போய்விட்டார்.

பட்டை உடைந்திருப்பதைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்திலேயே நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று அவரிடம் சொன்னேன், நம்பவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு நல்ல பட்டையும் உடைந்த பட்டையும் எடுத்து வையுங்கள். அவரையும் போன் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

உங்கள் மகன்