மிஞ்சிய தூளை எடுத்து வைத்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. மருந்தின் கரைதிறன் அளவுகள் சமன்பாட்டில் பொருந்தாமல் நாங்கள் திண்டாடியது உங்களுக்குத் தெரியும், அதை விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மனம் நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி எங்கள் ஆய்வகத்தின் இரவுநேர உதவியாளர் அக்காவுக்கு. கார்பமசெபைன் என்ற வலிப்பு நோய் மருந்தை எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பான்களில் நாள்கணக்கில் குலுக்கி, மேலே தெளிந்த கரைசலை வடிகட்டி, எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளப்போம். அடியில் மிஞ்சும் தூள் கழிவுக் குடுவைக்குப் போய்விடும். அக்கா அதைக் கொட்டவில்லை. ஒவ்வொரு புட்டியிலும் கொஞ்சம் கரைசலை விட்டு, மூடியை இறுக்கி, வெப்பநிலையையும் கலவை விகிதத்தையும் எழுதி ஒட்டி வைத்திருந்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. “காய விட்டுடாதீங்க தம்பி, காஞ்சா வேற பொருளாயிடும்” என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

அந்த ஈரத் தூளை, படிகம் எது என்று காட்டும் எக்ஸ் கதிர் கருவியில் வைத்தபோதுதான் விடை கிடைத்தது. தண்ணீர் மிகுந்த கலவைகளின் அடியில் இருந்தது நாங்கள் போட்ட மருந்து அல்ல. மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட டைஹைட்ரேட் அது. தண்ணீரில் நீரற்ற வடிவத்தைவிடக் குறைவாகத்தான் கரையும். இரண்டு திடப்பொருள்களின் அளவுகளை கரைதிறனைக் கலவை விகிதத்தோடும் வெப்பநிலையோடும் இணைக்கும் ஒரே ஜூய்பன்–ஏக்ரி சமன்பாட்டில் திணித்தால் எப்படிப் பொருந்தும்? பிரித்து வைத்ததும், வெப்பநிலையோடு கரைதிறன் மாறுவதைக் காட்டும் வான்ட் ஹாஃப் கோடுகள் தனித்தனியே நேராக வந்தன. தூளை உலர்த்தியிருந்தால் டைஹைட்ரேட் தன் நீரை இழந்திருக்கும், சான்றும் அதோடு போயிருக்கும்.

இது வரைபடத்தோடு நிற்கும் விஷயமல்ல. 1998இல் ரிட்டோனவிர் என்ற மருந்தில் குறைவாகக் கரையும் புதிய படிக வடிவம் தோன்றியதால், எச்ஐவி நோயாளிகள் நம்பியிருந்த அதன் கேப்சூல்களைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அடியில் கிடக்கும் திடம் எது என்ற கேள்வியில் மனிதர்களின் உயிரும் இருக்கிறது.

அப்புறம், வடிகட்டும்போது படிகம் விழாமலிருக்க சிரிஞ்சையும் வடிகட்டியையும் கரைசலின் சூட்டிலேயே வைக்கக் கற்றுக்கொடுத்த சீனியருக்கும், எக்ஸ் கதிர் கருவியில் தன் நேரத்தை விட்டுக்கொடுத்த இயற்பியல் மாணவருக்கும், கணக்குகளைச் சரிபார்த்த நண்பர்களுக்கும், பொறுமையாகக் காத்திருந்த வழிகாட்டிக்கும் என் நன்றி.

இனி நான் வெளியிடும் ஒவ்வொரு கரைதிறன் எண்ணுக்குப் பக்கத்திலும், அடியில் இருந்த திடம் எது என்பதைச் சோதித்து எழுதுவேன். அடுத்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அக்காவின் பெயரும் வர வேண்டும் என்று கேட்டேன். வழிகாட்டி சரி என்றுவிட்டார்.